370 அறைகளும் ஒரு கடற்கழியும்

லட்சத்தீவின் நிலப்பரப்பு மொத்தமே 32 சதுர கிலோமீட்டர்தான். 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அதுபோல் பதின்மூன்றை அடக்கிவிடலாம். அந்தச் சிறு நிலமும் 36 தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. மக்கள் வாழ்வது பத்தில் மட்டும். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தள்ளி, அரபிக்கடலின் நடுவே இருக்கும் இந்தத் தீவுகள் 1956 வரை மதராஸ் மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களைச் சேர்ந்தவை. நம்மில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அங்கே வரவிருக்கும் சுற்றுலாத் திட்டத்தைப் படிக்க வேண்டும். 2017 ஜூனில் மத்திய அரசு தீவுகள் மேம்பாட்டு முகமையை அமைத்தது. அதைத் தொடர்ந்து நிதி ஆயோக் வழிகாட்டலில் உருவான திட்டம், மூன்று இடங்களில் ரிசார்ட் கட்டத் தனியாரை அழைத்தது: மினிக்காயில் 150 அறைகள், சுஹேலியில் 110, கட்மத்தில் 110. மொத்தம் 370 அறைகள், சுமார் 800 கோடி ரூபாய் முதலீடு. அறைகளில் ஒரு பகுதி கரையில் இருக்கும். மீதி, தண்ணீருக்கு மேல் தூண்களில் நிற்கும் வில்லாக்கள். 2023 ஜனவரியில் டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் சுஹேலியிலும் கட்மத்திலும் தாஜ் பெயரில் ரிசார்ட் அமைக்கப்போவதாக அறிவித்தது. சுஹேலியில் கரையில் 60, நீரில் 50. கட்மத்தில் கரையில் 75, நீரில் 35.

ஒரு வருடம் கழித்து, 2024 ஜனவரி முதல் வாரத்தில், பிரதமர் மோடி லட்சத்தீவுக் கடற்கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த படங்கள் வெளியாயின. மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் கேலியாக எதையோ எழுத, அந்த நாட்டு அரசு அவர்களை இடைநீக்கம் செய்ய, இங்கே 'மாலத்தீவைப் புறக்கணிப்போம்' என்ற முழக்கம் கிளம்பியது. பயண முன்பதிவு நிறுவனம் ஒன்று, லட்சத்தீவைத் தேடுவோர் எண்ணிக்கை 3,400 சதவீதம் உயர்ந்துவிட்டதாகப் பெருமையோடு அறிவித்தது. தேடியவர்களில் பாதிப் பேருக்காவது, அங்கே காலடி வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதோ, அகத்தி ஓடுதளம் 1,200 மீட்டர்தான் என்பதால் எழுபது பேர் உட்காரும் சிறு விமானம்தான் அங்கே இறங்கும் என்பதோ தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அன்றிலிருந்து இந்தத் திட்டத்தை எடைபோட்டுப் பேசுவதே சிரமமாகிவிட்டது. சந்தேகம் கேட்டவர் தேசத்துக்கு எதிரானவர். ஆதரித்தவர் இயற்கைக்கு எதிரானவர். இரண்டு முத்திரைகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி சாதாரணமானது. இந்த 370 அறைகளும் தீவுக்காரருக்கு எதைத் தரும், அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும்?

திட்டத்தின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது லேசானது அல்ல. லட்சத்தீவில் எழுத்தறிவு 92 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. படித்த பிள்ளைக்கு அங்கே காத்திருப்பவை தென்னை, சூரை மீன், அரசாங்க வேலை ஆகிய மூன்றும்தான். தேங்காய் விலை கையில் நிற்பதில்லை. மீன், பருவமழைக்கு அடங்கிய தொழில். அரசு வேலைக்கோ எல்லை உண்டு. கடுமையாக நோயுற்றவரைக் கொச்சிக்கு ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பல தீவுகளில் கப்பல் கரைக்கு வருவதில்லை. பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆடும் படகுக்குள் ஆளையும் மூட்டையையும் குழந்தையையும் கைமாற்றி இறக்குகிறார்கள். இந்த வாழ்க்கையில் இருப்பவரிடம் போய் 'உங்கள் தீவு அப்படியே இருக்கட்டும்' என்று அறிவுரை சொல்வது கொஞ்சம் அதிகப்படி. இயற்கை ஆர்வலர்கள் சிலரின் எழுத்தில் தீவு மக்கள் மீன்தொட்டிக்குள் வளையவரும் அலங்கார மீன்கள் மாதிரிதான் வருகிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் வேண்டும், நல்ல மருத்துவமனை வேண்டும், பிள்ளை ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த எழுத்தில் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆகவே, சுற்றுலாவே கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இப்போது முன்வைக்கப்பட்டிருக்கும் வடிவம் மேலே சொன்ன குறைகளில் எதைத் தீர்க்கும் என்பதுதான் கேள்வி.

ஆதரவாளர்கள் எப்போதும் கையில் எடுப்பது மாலத்தீவை. அதே கடல், அதே பவளம், அதே மணல். 2023-இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள், 2024-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? ஒப்பீட்டை முழுதாகச் செய்தால் வாதம் தடம் மாறிவிடுகிறது. மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். 1972-இல் முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து அவர்கள் நம்பியது ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற ஏற்பாடு. ஆள் இல்லாத தீவை எடுத்து முழுக்க ரிசார்ட்டாக்கி, உள்ளூர் மக்களை வேறு தீவில் வைத்தார்கள். தீவுகள் ஏராளமாக இருந்ததால் அது முடிந்தது. லட்சத்தீவில் ஆளில்லாதவை என்று கணக்கில் வரும் 26-இல் பெரும்பாலானவை தென்னை நாலு நிற்கும் மணல் திட்டுகள். அவற்றிலும் ஒன்று போய்விட்டது. பங்காரம் பவளவட்டத்தில் இருந்த பரளி-1 என்ற தீவு 1968-இல் 0.032 சதுர கிலோமீட்டர் இருந்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அது முழுக்க அரித்துக் கரைந்துவிட்டதைப் பதிவு செய்தது. பழக்கதோஷத்தில் நாம் இன்னும் 36 என்றே எழுதுகிறோம். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மாலத்தீவிடமிருந்து கற்க வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. ரிசார்ட் தீவுகளில் பணம் கொழித்தபோதும் பக்கத்துத் தீவில் இருந்த மீனவர் வீட்டுக்கு அது நேராக வந்து சேரவில்லை. ரிசார்ட்டின் உணவுப்பொருளும் பொறியாளரும் பரிசாரகரும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். 2009-க்குப் பிறகுதான், மக்கள் வாழும் தீவுகளில் உள்ளூர்க்காரர் விருந்தினர் விடுதி நடத்த அரசு வழி திறந்துவிட்டது. சாதாரணக் குடும்பம் சுற்றுலாவில் முதலாளியாக நுழைந்தது அப்போதுதான். அங்கேயும் எல்லாம் சுகமாக இல்லை. மாஃபுஷி போன்ற தீவில் விடுதிகள் நெருக்கியடித்து வளர்ந்துவிட்டன. மாலே நகரின் குப்பையும் ரிசார்ட்டுகளின் குப்பையும் 1990-களிலிருந்து திலஃபுஷி என்ற இடத்தில் கொட்டப்பட்டு, அங்கே ஒரு குப்பைத் தீவே எழுந்துவிட்டது. ஆக மாலத்தீவு ஐம்பது வருடம் செலவழித்துக் கண்டுபிடித்த இரண்டு விஷயங்களில், உள்ளூர் விடுதியை விட்டுவிட்டு நீர்வில்லாவை மட்டும் நாம் நகலெடுக்கிறோம்.

இனி தண்ணீர். இந்தத் தீவுகளில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீர் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. பவளக் கல்லும் மணலுமான நிலத்தில் கடலேற்றமும் வற்றமும் இடைவிடாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு கிடைப்பதில்லை. கிணற்று நீர் மட்டம் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறிவிடும். சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல் வாழும் இடத்தில் வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு, கொல்லையில் ஒரு செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில அடி மணல். அந்த மணல் எதையும் வடிகட்டும் என்று நம்பி யாரும் தண்ணீர் குடிக்க முடியாது.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் ஒரு குடிநீர் ஆலையைக் கட்டியது. வடிவமைப்பு அழகானது. மேற்பரப்பில் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும் கடல்நீரை வெற்றிடக் கலத்துக்குள் விட்டால் அதில் சிறு பகுதி ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து நீண்ட குழாயில் இழுத்த குளிர்ந்த கடல்நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர். தீவை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாவதால் இது அங்கே சாத்தியமாயிற்று. பின்னர் மினிக்காய், அகத்தி என்று மற்றத் தீவுகளுக்கும் ஆலைகள் வந்தன. கவரத்தி ஆலையின் திறன் நாளுக்கு 1 லட்சம் லிட்டர். 11,221 பேர் உள்ள தீவில் தலைக்கு ஒன்பது லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்பது லிட்டரே அங்கே பெரிய முன்னேற்றமாகக் கருதப்பட்டது.

இப்போது கட்மத்தின் 110 அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு இருவர் என்றால் 220 விருந்தினர். நீச்சல் குளம், சலவை, சமையல், தோட்டம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று நானாக ஒரு கைக்கணக்குப் போடுகிறேன். சொகுசு ரிசார்ட்டுக்கு இது தாராளமான கணக்கு இல்லை. 1,10,000 லிட்டர் வருகிறது. ஒரு தீவு முழுவதற்கும் கட்டிய ஆலையின் ஒரு நாள் உற்பத்தியைத் தாண்டி, 220 பேருக்கு. ஊழியர்களை இதில் சேர்க்கவே இல்லை. ரிசார்ட் தனக்கென்று தனி ஆலை வைத்துக்கொள்ளும் என்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆலைக்கு மின்சாரம் வேண்டும். தீவின் மின்சாரத்தில் பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. டீசல் கொச்சியிலிருந்து கப்பலில் வருகிறது. ஆலை வெளியேற்றும் அடர்ந்த உப்புநீரையும் எங்காவது விட வேண்டும். 220 பேரின் கழிவுநீரும் எங்காவது போக வேண்டும். கட்மத் அகன்ற இடத்திலேயே அரை கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் தீவு. அங்கே எந்தக் குழாயை எந்தப் பக்கம் நீட்டினாலும் அது போய் விழும் இடம் பவளம் இருக்கும் கடல்.

அந்தக் கடலைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் திட்ட அறிக்கைகள் தடுமாறுவது அங்கேதான். பவளத்திட்டு வளைத்துப் பிடித்திருக்கும் ஆழமற்ற நீரை (இதை இங்கே கடற்கழி என்று சொல்கிறேன்) அந்த அறிக்கைகள் 'காட்சி' என்று எடுத்துக்கொள்கின்றன. நீலம், பச்சை, கண்ணாடி போல் தெளிவு. மேலே ஒரு வில்லா வைத்தால் காசு. தீவு மீனவருக்கு அது வேலைக்களம். லட்சத்தீவின் சூரை மீன்பிடி வலை போட்டுச் செய்வது அல்ல. தூண்டிற்கோலால் ஒன்றொன்றாகப் பிடிப்பது. விடியலில் படகு முதலில் போவது ஆழ்கடலுக்கு அல்ல, கடற்கழிக்கு. பவளத்தைச் சுற்றித் திரியும் விரல் நீளச் சிறுமீன்களை வலையால் தூக்கி, கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி அமைத்த தொட்டியில் உயிரோடு படகுக்குள் வைத்துக்கொள்வார்கள். பிறகுதான் திட்டுக்கு வெளியே பயணம். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் ஒருவர் அந்த உயிர் இரையை வாரி வீசுவார். படகின் பின்புறத்திலிருந்து தண்ணீர் மழைபோல் தெளிக்கப்படும். கடல் மேற்பரப்பில் சிறுமீன் துள்ளுவது போன்ற மயக்கம் அதில் உண்டாகும். பின்தட்டில் வரிசையாக நிற்பவர்கள் எதிர்முள் இல்லாத தூண்டிலைப் போட்டு எடுக்க, மீன் காற்றில் வந்து தளத்தில் விழும்போதே தூண்டிலை விட்டிருக்கும். வேண்டாத மீன், ஆமை, சுறா அநேகமாக எதுவும் இதில் மாட்டுவதில்லை. உலகத்தில் இதைவிடச் சுத்தமான சூரை மீன்பிடி அரிது. பிடித்ததை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் கல்லாய்க் காயவைத்தால் மாசி. யாழ்ப்பாணத்துச் சம்பலில் இடித்துப் போடுகிற அதே மாசிதான்.

இந்தத் தொழில் முழுவதும் அந்த விரல் நீளச் சிறுமீன் மேல் நிற்கிறது. சிறுமீன் பவளத்தின் மேல் நிற்கிறது. தூண் இறக்கக் கடற்கழியின் தரையைத் துளைத்தால் கிளம்பும் வண்டல் பவளத்தின் மேல் படியும். வில்லாவின் நிழல் விழும் இடத்தில் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் வெயில் கிடைக்காது. விருந்தினரையும் சாமான்களையும் ஏற்றி இறக்க நாள் முழுவதும் படகுகள் ஓடும். இதெல்லாம் ஆரோக்கியமான பவளத்துக்கு நேர்ந்தாலாவது தாங்கும் என்று வாதாடலாம். லட்சத்தீவின் பவளம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளிறியது. அகத்தி, கவரத்தி, கட்மத் மூன்றிலும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் 24 ஆண்டுகள் தொடர்ந்து அளந்ததில், 1998-இல் 37 சதவீதமாக இருந்த பவளப்பரப்பு 19 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறை வெளிறும்போதும் சேதம் முன்பைவிடக் குறைவாக இருந்தாலும், மீண்டு எழும் வேகமும் குறைந்துகொண்டே போகிறது. 2024-இல் மறுபடியும் பெரும் வெளிறல். இடையூறு இல்லாமல் சில வருடங்கள் கிடைத்தால் பவளம் தலைதூக்கும் என்பதே அந்த ஆய்வு தரும் நம்பிக்கை. அளந்த மூன்று தீவுகளில் ஒன்று கட்மத் என்பதைக் கவனியுங்கள். 35 நீர்வில்லாக்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே கட்மத்.

இன்னொன்று, பயணியின் சாப்பாட்டுத் தட்டைப் பற்றியது. தீவு மக்கள் விரும்பி உண்பது சூரை. அது வெளிக்கடல் மீன். அதனால் பவளத்திட்டு மீன்கள் பெரிதாகத் தொந்தரவுக்கு ஆளாகாமல் இருந்தன. வெளியூர் விருந்தினர் ரிசார்ட்டில் கேட்பது களவா, கிளிமீன் போன்ற திட்டு மீன்களை. கிளிமீன் பவளத்தைச் சுரண்டித் தின்று வெளியேற்றுவதுதான் மணல். மாலத்தீவின் வக்கரு தீவில் அளந்தவர்கள், புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன் தருவது என்று கண்டார்கள். கடற்கரையைக் காட்டி ஆளை வரவழைத்து, கடற்கரையைச் செய்கிற மீனை அவர்களுக்கே பொரித்துக் கொடுப்பது எத்தனை நாள் நடக்கும்?

சுஹேலியைப் பற்றிச் சொல்லும்போது ஆளில்லாத் தீவு, யாருக்கும் நஷ்டமில்லை என்கிறார்கள். அங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தேங்காய் பறிக்கக் கவரத்திக்காரர் போவார்கள். மீன் காலத்தில் மீனவர்கள் முகாமிட்டு மாசி காயவைப்பார்கள். குடியில்லை என்பதாலேயே அதைத் தரிசு என்று எழுதிவிட முடியாது. ரிசார்ட் வந்த பிறகு மாசி அடுப்பின் புகையும் வாடையும் விருந்தினரின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்துக்குத் தள்ளப்படும் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு அதிக இடம் தரப்போவதில்லை, பதில் வெட்டவெளிச்சம். லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், பஞ்சாயத்துகள், மேலே டெல்லி அனுப்பும் நிர்வாகி. 2020 டிசம்பரில் பிரஃபுல் கோடா பட்டேல் நிர்வாகியாக வந்த சில மாதங்களில் வரைவு விதிகள் வரிசையாக வந்தன. மேம்பாட்டு ஆணையத்துக்கான வரைவு, எந்தப் பகுதியையும் திட்டப் பகுதி என்று அறிவித்து நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தைக் கேட்டது. குற்றமே அரிதான தீவுக்குக் குண்டர் சட்டம் போன்ற ஒன்றும் வந்தது. 2021-இல் கரையோரம் மீனவர்கள் வலையும் படகுச் சாமானும் வைக்கும் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. தீவுகள் கொந்தளித்தன, கேரளச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, லட்சத்தீவில் ஆய்வு செய்த விஞ்ஞானிகள் ஒன்றுகூடிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். 2025 ஜூலையில் பித்ரா தீவை முழுதாகப் பாதுகாப்புத் தேவைக்கு எடுப்பதற்கான சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு வந்தது. அது சுற்றுலா விவகாரம் அல்லதான். ஆனாலும் மீனவர் கொட்டகையைக் கரையிலிருந்து அகற்றிய அதே நிர்வாகம், கரையில் 75 அறை கட்ட இடம் கொடுக்கும்போது, தீவுக்காரர் அதை வளர்ச்சி என்று வாசிக்க மாட்டார்.

இத்தனைக்கும் சரியான வழிமுறை காகிதத்தில் இருக்கிறது. அகத்தியில் ஒரு தனியார் ரிசார்ட் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. அதன் வழியாகத் தீவுக்குத் தீவு ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் வந்தது. வளர்ச்சிப் பணிகள் அந்தத் திட்டத்துக்கு உட்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளைக் கலந்தே நடக்க வேண்டும் என்பது குழுவின் நிலைப்பாடு. அதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பின்பற்றினால் போதும்.

இதுவரை அங்கே நடந்த சுற்றுலாவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1982-இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்' என்ற அரசுச் சங்கம் நடத்தும் 'சமுத்திரம்' பயணத்தில் பயணிகள் இரவு கப்பலிலேயே தங்குவார்கள். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று இறங்கி, சுற்றிப் பார்த்து, சாப்பிட்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். குளியலும் கழிவறையும் கப்பலோடு போவதால் தீவின் கிணற்றுக்கு இது பெரும் சலுகை. ஆனால் வீட்டுக்காரர் கைக்கு வரும் காசும் சொற்பம். கப்பல் இருக்கை கிடைக்காமல் ஊருக்குத் திரும்ப முடியாமல் கொச்சியில் காத்துக்கிடக்கும் தீவுக்காரருக்குப் பயணிகள் மேல் எரிச்சல் வருவதும் இயல்பு. இன்னொரு முன்மாதிரி பங்காரம். 1988-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் கேரளத்தின் ஹோட்டல் குழுமம் ஒன்று அங்கே ஓலைக் குடில்களை நடத்தியது; ஏசி இல்லை, தொலைக்காட்சி இல்லை. உலகெங்கும் இருந்து பணம் படைத்தவர்கள் அங்கே தேடி வந்தார்கள். பணக்காரப் பயணிக்குத் தண்ணீர் மேல் தூண் நட்டே ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு இந்தியாவிலேயே மறுப்பு இருக்கிறது. தேடி மாலத்தீவு போக வேண்டாம்.

திட்டத்துக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இனிமேல்தான். தலைகள் குறைவாக, காசு அதிகமாக வருவதுதான் சிறு தீவுக்கு ஏற்றது. பத்து மலிவு விடுதிகளைவிட ஒரு விலையுயர்ந்த ரிசார்ட் மேல் என்பார்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கைக்குக் கடிவாளம் இல்லாத உள்ளூர் விடுதிகள் மாஃபுஷியில் என்ன செய்தன என்று பார்த்தோம். கட்மத்தில் வீட்டுக்கு வீடு மாடி எழுப்பி அறை வாடகைக்கு விட்டால் செப்டிக் டேங்கும் கிணறும் ஒன்றாகிவிடும். உள்ளூர்க்காரர் செய்வதாலேயே எதுவும் பவளத்துக்கு நல்லதாகிவிடாது. இரண்டாம் பாதிதான் நிற்கவில்லை. சொகுசு என்பது தலைக்கு அதிகத் தண்ணீர், அதிக மின்சாரம், அதிகக் குப்பை, அதிக ஊழியர். தலைகள் குறைவதால் மிச்சமாவதைச் சொகுசு தின்றுவிடுகிறது. காசின் பெரும்பங்கும் அறைக்குச் சொந்தக்காரரோடு தீவை விட்டுப் போகிறது. வேலை கிடைக்குமே என்றால், கிடைக்கும். ஆனால் நட்சத்திர ஹோட்டலின் நல்ல சம்பளப் பதவிகளுக்குப் பயிற்சி பெற்றவர் பெருநிலத்தில்தான் இருக்கிறார். தோட்டம், படகு, துப்புரவு ஆகியவை தீவுக்கு மிஞ்சும். நிலத்தை வெளியார் வாங்க முடியாது என்ற சட்டப் பாதுகாப்போடு வாழ்ந்த சமூகத்துக்கு, தன் கடற்கழியின் ஓரத்தில் கூலிக்கு நிற்பது எந்த வகை முன்னேற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பில் ஒரு பகுதிக்குச் சமரசம் இல்லை: கடற்கழியின் மேல் ஒரு வில்லாவும் கூடாது. 37-இலிருந்து 19-க்கு விழுந்த பவளத்தின் மேல், அதுவும் சூரைத் தொழிலுக்கு இரை தரும் நீரில், தூண் இறக்குவதை எந்த வருமானமும் ஈடுகட்டாது. மினிக்காய்க்கும் இதுவே பொருந்தும். அங்கே தூண்டிற்கோல் மீன்பிடிதான் ஊரின் முதுகெலும்பு. அகத்தி ஓடுதளத்தை நீட்டிப் பெரிய விமானம் இறக்கும் யோசனையையும் இதே காரணத்தால் நிராகரிக்கிறேன். எழுபது பேர் விமானம் என்ற இன்றைய குறை, தீவுக்கு இருக்கும் ஒரே இயல்பான வாசற்படி.

கரையில் கட்டுவதை முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அறைகளின் எண்ணிக்கையை ஏலதாரர் தீர்மானிக்கக் கூடாது; அந்தத் தீவில் சுத்திகரிக்கப்படும் கழிவுநீரும் டீசல் இல்லாமல் கிடைக்கும் குடிநீரும் தீர்மானிக்க வேண்டும். பவளம் வெளிறும் ஆண்டில் அறைகளை மூடக் குத்தகையிலேயே விதி வேண்டும். இந்த வரம்பு ரிசார்ட்டுக்கும் வீட்டு விடுதிக்கும் ஒன்றே. வரம்புக்குள் கிடைக்கும் படுக்கைகளில் முதல் உரிமை தீவுக் குடும்பங்களுக்கும் அவர்களின் கூட்டுறவுகளுக்கும். மிஞ்சியதைத்தான் வெளி நிறுவனம் கேட்கலாம். அதன் குத்தகைப் பணம் நேராக அந்தத் தீவின் பஞ்சாயத்துக்குப் போக வேண்டும். சுஹேலிக்கான பணம் கவரத்தி பஞ்சாயத்துக்கு.

இப்படிச் சுருக்கினால் எந்தப் பெரிய நிறுவனமும் வராது என்பார்கள். வராமல் போகலாம். தீவுக்காரர் கேட்டுக்கொண்டிருப்பது இன்னும் இரண்டு கப்பல், மழைக்காலத்திலும் ஏறி இறங்கத் தோதான இறங்குதுறை, கொச்சிக்குப் பறக்காமலே அறுவைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனை, சூரைக்கு நியாய விலை தரும் ஏற்றுமதி ஏற்பாடு. இவற்றில் ஒன்றுக்கும் தாஜ் தேவையில்லை. ரிசார்ட்டுகள் வராவிட்டால் நின்றுபோகும் வேலையும் இந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை.